கோதை கேட்காத மன்னிப்பு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகை கடைசியில் ஒரு போன் வந்தது. "சார், நான் உங்ககிட்ட அஞ்சாம் வகுப்பு படிச்சவ. ஆண்டாள் வேஷம் போட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள். ஞாபகம் இல்லாமலா? அந்த நாடகத்தை நான் மறக்க நினைத்தும் மறக்க முடியாததற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவளுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கணவர் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். கைப்பேசியில் கதை எழுதுகிறாளாம். முதலில் பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வைத்து எழுதியிருக்கிறாள். பூங்குழலிக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று, அந்த மாதிரி. இதற்கு ஃபேன் ஃபிக்ஷன் என்று பெயராம். மூலத்தில் உள்ளதைக் கேனன் என்கிறார்களாம். இப்போது திருப்பாவையை வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறாள். மார்கழியில் வெளியிட ஆசை. ஆனால் பயம்.

"மூலத்துக்கு விரோதமா ஏதாவது இருந்துட்டா? ஊருக்குள்ள கடை வச்சிருக்கோம் சார்" என்றாள்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் கவிஞர் வைரமுத்து எங்கள் ராஜபாளையத்தில்தான் ஆண்டாளைப் பற்றி உரையாற்றினார். அது தினமணியில் கட்டுரையாகவும் வந்தது. அதில் ஓர் ஆய்வு நூலிலிருந்து எடுத்துக் காட்டிய ஒரு கருத்தின் மேல் கோபம் கிளம்பி, ஆர்ப்பாட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயரின் உண்ணாவிரதம், வழக்கு என்று நாடு முழுக்கச் செய்தியானது. அவர் வருத்தமும் தெரிவித்தார். அதை மறுபடி கிளற நான் வரவில்லை. பின்னூட்டத்தில் நீங்களும் கிளற வேண்டாம். அது கதையும் அல்ல, உரை. ஆனால் அதற்குப் பிறகு ஆண்டாளைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கும் இங்கே கை நடுங்குகிறது என்பது உண்மை.

கதையை அனுப்பச் சொன்னேன். படித்தேன். பிறகு ஒரு மாதம் அலமாரியிலிருந்த புத்தகங்களைக் கீழே இறக்கிப்போட்டு உட்கார்ந்தேன். இந்தப் பதிவு அதன் பலன்.

முதலில் எனக்குப் பட்டது, ஆண்டாளே இந்த வேலையைத்தான் செய்தாள் என்பது. கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள். கண்ணன் கதை அவள் உண்டாக்கியது அல்ல. அவளுக்கு முன்பே ஆயர்பாடியும் யமுனையும் நந்தகோபனும் யசோதையும் இருந்தார்கள். அவள் செய்தது, அந்தக் கதைக்குள் தான் போய் நின்றது. வில்லிபுத்தூரே ஆயர்பாடி, வடபத்ரசாயி கோயிலே நந்தகோபன் மாளிகை, ஊர்ப் பெண்களே ஆய்ச்சியர், தானும் அவர்களில் ஒருத்தி என்று பாவித்துப் பாடினாள் என்றுதான் பெரியவர்கள் உரை சொல்கிறார்கள். பாகவதத்திலும் கோபியர் மார்கழி நோன்பு உண்டு. அங்கே அவர்கள் வணங்குவது காத்யாயனியை. நோன்பின் முடிவில் கண்ணன் சேலைகளை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறுகிறான். திருப்பாவையின் முப்பது பாட்டில் காத்யாயனியும் இல்லை, சேலை கவர்ந்ததும் இல்லை. சேலை கவர்ந்த கதை நாச்சியார் திருமொழியில் தனியாக ஒரு பதிகமாக வருகிறது. எது எங்கே பொருந்தும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணனை மட்டும் எங்கும் மாற்றவில்லை. முடிவில் தன் பேரையும் அப்பா பேரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். இது என் பாட்டு, கதை பழையது என்று அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அடுத்தது ஆண்டாளின் கதை. அதை அவள் எழுதவில்லை. ஆடிப்பூரத்தில் துளசிச் செடியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்தது, மாலையைச் சூடிப் பார்த்தது, அவர் பதறியது, சூடிய மாலையே வேண்டும் என்று பெருமாள் கனவில் வந்து கேட்டது, திருவரங்கத்தில் போய்ச் சேர்ந்தது, எல்லாம் குருபரம்பரை நூல்கள் சொல்லும் வரலாறு. ஒன்றைக் கவனியுங்கள். பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் தன்னைப் போன்றவர்களை எப்படிச் சொல்கிறார்? பெருமாள் சூடிக் களைந்த மாலையை வாங்கிச் சூடும் தொண்டர்கள் என்கிறார். மகள் கதையில் அது அப்படியே தலைகீழாகிறது. அவள் சூடிக் களைந்ததைப் பெருமாள் சூடுகிறார். அப்பாவின் பாட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் மகள் கதையின் துணிச்சல் புரியும். மூலம் தெரிய வேண்டும் என்று நான் வகுப்பில் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் இதற்காகத்தான்.

இன்றைக்கும் ஆண்டாள் சூடிய மாலைதான் வடபத்ரசாயிக்குச் சாத்தப்படுகிறது. புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்கும், சித்திரையில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் இங்கிருந்து மாலை போகிறது. கதையாக இருந்தது நித்தியப்படி வேலையாகிவிட்டது. இப்படி ஊரே அன்றாடம் வாழ்கிற ஒரு கதையில் கை வைப்பது, அச்சடித்த நாவலில் கை வைப்பது மாதிரி அல்ல.

ஆனால் கை வைத்தவர் ஒருவர் இருக்கிறார். சாதாரண ஆள் அல்ல. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர்.

இதை நான் கொஞ்சம் ஆசையாகவே சொல்வேன். எங்கள் ராஜபாளையத்தில் பாதி வீடுகளில் பேச்சு தெலுங்கு, படிப்பும் கணக்கும் தமிழ். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முன்னோர் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எனக்குத் தெலுங்கு காதில் உண்டு, கண்ணில் இல்லை. ஆமுக்தமால்யதா என்று ஒரு காவியம், தெலுங்கின் ஐந்து மகா காவியங்களில் ஒன்று, நம் பக்கத்து ஊர்க் கதை என்று சின்ன வயதிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். பெயரின் பொருளே சூடிக் கொடுத்தவள் என்பதுதான். மருமகள் விஜயவாடாப் பக்கம். உரையோடு கூடிய புத்தகம் ஒன்றை வரவழைத்து அவளை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது பக்கத்திலேயே, "மாமய்யா, இது தெலுங்குதான், ஆனா நான் பேசுற தெலுங்கு இல்ல" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள். அவ்வளவு கடினம். உரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் போனோம்.

காவியம் பிறந்த கதையை ராயர் முன்னுரையில் சொல்கிறார். கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் தங்கி ஏகாதசி விரதம் இருக்கிறார். ஆந்திர விஷ்ணு கனவில் வந்து, திருவரங்கத்தில் நடந்த என் கல்யாணத்தைத் தெலுங்கில் பாடு என்கிறார். வடமொழியில் எழுதிவந்த அரசர் தெலுங்கில் எழுதுகிறார், திருவேங்கடவனுக்குச் சமர்ப்பிக்கிறார். பாருங்கள், சக்கரவர்த்தியே ஆனாலும் அடுத்தவர் கதையைத் தொடும்போது அனுமதி வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்.

வந்தபின் என்ன செய்தார்? ஆறு ஆச்வாசங்களில் கோதை வருவதே ஐந்தாவதில்தான்! அதுவரை? வில்லிபுத்தூர் வர்ணனை, பெரியாழ்வார் மதுரைக்குப் போய்ப் பாண்டியன் சபையில் வாதிட்டு வென்றது, பெரியாழ்வாருக்குப் பின்னால் வந்த ஆளவந்தாரின் கதை. அந்த ஆளவந்தார் அரசாண்டதாகவும், ஆட்சியை விட்டுப் போகும்போது மகனுக்கு ராஜநீதி சொல்வதாகவும் ஒரு நீண்ட பகுதி. படையை எப்படி வைப்பது, காட்டு மக்களிடம் எப்படி நடப்பது, வரியை எப்படி வாங்குவது... இது ஆளவந்தார் குரல் அல்ல, ராயரின் குரல் என்பது படிக்கிற யாருக்கும் தெரியும். பிரியப்பட்ட கதைக்குள் தன்னை நுழைத்துக்கொள்ளும் ஆசை பேரரசருக்கும் உண்டு, கைப்பேசியில் எழுதும் என் மாணவிக்கும் உண்டு.

சின்ன மாற்றம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நம் குருபரம்பரையில் பாண்டியன் பெயர் வல்லபதேவன். இரவில் நகர்சோதனை போகும்போது திண்ணையில் படுத்திருந்த ஓர் அந்தணரிடம், மறுமைக்கு இப்போதே தேடிவை என்று பொருள்படும் சுலோகத்தைக் கேட்டு மனம் மாறுகிறான். ராயர் அவனுக்கு மத்ஸ்யத்வஜன், அதாவது மீன்கொடியோன் என்று பெயர் வைத்தார். அவனை நகர்சோதனைக்கு அனுப்பவில்லை. ஆசைநாயகி வீட்டுக்குப் போகிற வழியில் அந்தச் சுலோகம் காதில் விழும்படி செய்தார். கடமையில் இருந்தவன் திருந்துவதைவிட, தப்புவழியில் போய்க்கொண்டிருந்தவன் பாதித் தெருவில் நின்று திரும்புவது எவ்வளவு வலுவான காட்சி! அரண்மனை வாழ்க்கை தெரிந்த ஓர் அரசர்தான் அப்படி மாற்றியிருக்க முடியும். கோதைக்குத் தோழிகளாக நாகக் கன்னியரையும் சேர்த்தார்.

இவ்வளவு மாற்றியவர் எதைத் தொடவில்லை? கோதை பூமிப்பிராட்டி என்பதை. பெரியாழ்வாரின் பக்தியை. சூடிய மாலையை. திருவரங்கத்துக் கல்யாணத்தை. இந்த நான்கில் ஒன்றை எடுத்தாலும் அது வேறு யாருடைய கதையோ ஆகிவிடும். அந்த நான்கும் நின்றதால், வயல் வாய்க்காலில் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கும் வாத்துகளை, குளிக்க வந்தவர்கள் மறந்துவிட்டுப்போன வேட்டி என்று காவலாளிகள் எடுக்கப்போய் ஏமாந்து, வயல் காக்கும் பெண்கள் சிரிப்பதுபோல் அவர் எழுதியதும் வில்லிபுத்தூருக்குச் சொந்தமாகிவிட்டது. அது எந்தக் குருபரம்பரையிலும் இல்லை. எங்கள் கண்மாய்க்கரையில் நிற்கும்போது எனக்கு நினைவு வருவது அதுதான்.

கம்பரைப் பற்றி நீங்கள் எல்லாரும் பத்தாம் வகுப்பில் படித்ததுதான். வால்மீகியில் ராவணன் சீதையைக் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பர் அதை எழுத மனம் வராமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகவைத்தார். கவர்ந்தான் என்பதை மாற்றவில்லை, எப்படி என்பதை மாற்றினார். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தையே புதிதாகச் சேர்த்தார். திருவரங்கத்தில் அரங்கேற்றியபோது, மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம் என்று பண்டிதர்கள் தடுத்தார்களாம். அங்கே கோயில் கொண்டிருக்கும் மேட்டழகிய சிங்கர், அந்த நரசிம்மரே, தலையசைத்து ஒப்புதல் கொடுத்தாராம். செவிவழிக் கதைதான். ஆனாலும் எண்ணிப் பாருங்கள்: மூலத்தை மதிக்கிற ஒரு சமூகம், மாற்றத்தையும் ஏற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, அதற்கு ஒரு சிங்கத்தின் தலையசைப்பைத் தேடிக்கொண்டது.

எல்லாரும் சிங்கத்துக்குக் காத்திருக்கவில்லை. புதுமைப்பித்தன் 1943இல் சாப விமோசனம் எழுதினார். ராமன் கால் பட்டுப் பெண்ணான அகலிகை, சீதையை அதே ராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். இது கம்பர் செய்தது போன்ற வேலை அல்ல. மூலத்தோடு நேருக்கு நேர் சண்டை. ஆனால் அவர் மறைக்கவில்லை. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம் என்று தலைமாட்டிலேயே குறிப்பு எழுதிவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார். அந்தக் கதை எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. இருந்தும் அதை மூலத்தை மதிக்காத எழுத்து என்று நான் சொல்லமாட்டேன். ராமாயணத்தை வரிவரியாக நினைவில் வைத்திருக்காதவனுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது.

பொன்னியின் செல்வன்காரர்களுக்கு ஒரு பத்தி. கல்கி அதை 1950இலிருந்து 1954வரை தொடராக எழுதி முடித்தார். அந்த டிசம்பரிலேயே காலமானார். வாசகர்கள், அவன் என்ன ஆனான், அவள் என்ன ஆனாள் என்று துளைத்ததால் முடிவுரையில் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதி, கல்கி விட்ட இடத்திலிருந்து வந்தியத்தேவனையும் குந்தவையையும் அழைத்துப் போனார். கல்கிக்கும் ஒரு மூலம் இருந்தது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன, ரவிதாசன் உட்பட. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு, கல்வெட்டு பேசாத இடத்தில் நந்தினியை உண்டாக்கினார். இன்று நந்தினி கல்வெட்டில் இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். அது கல்கியின் குற்றம் அல்ல, நம் படிப்பின் குறை.

எல்லா நாட்டிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஸ்பெயினில் செர்வான்டிஸ் 1605இல் டான் கிஹோட்டே முதல் பாகம் வெளியிட்டார். 1614இல் அவெய்யனேடா என்ற புனைபெயரில் யாரோ இரண்டாம் பாகம் எழுதிவிட்டார்கள், முன்னுரையில் அசல் ஆசிரியரையே கேலி செய்து. கிழவருக்கு ரோஷம் வந்து அடுத்த வருஷமே உண்மையான இரண்டாம் பாகத்தை வெளியிட்டு, அதற்குள்ளேயே அந்தப் போலியைக் கிழித்துத் தொங்கவிட்டார். தொடர்ந்து எழுதியதைவிட அந்தக் கேலிதான் அவரைச் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி என் மாணவியின் கதை. திருப்பாவையில் ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்துவரை பத்துப் பெண்களை எழுப்புகிறார்கள் அல்லவா? பதினைந்தாம் பாட்டில் உள்ளே இருப்பவள் பதில் பேசுகிறாள். வெளியே இருப்பவர்களும் அவளும் வாக்குவாதம் செய்கிறார்கள். என் மாணவி அந்த உள்ளே இருந்தவளை எடுத்துக்கொண்டாள். அவள் ஏன் எழவில்லை? கதையில், முந்தின இரவு முழுக்கச் சுகமில்லாத பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டுக் கண் அசந்தவள். வெளியே கிண்டல் செய்கிறார்கள். அவளுக்குக் காரணம் சொல்லப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே வாதாடிவிட்டு வெளியே வருகிறாள். கோதை மட்டும் அவள் கையில் இருக்கும் தைல வாசனையைக் கண்டுபிடிக்கிறாள். அவ்வளவுதான் கதை. படித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

இதில் மூலத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை. பாட்டு திறந்துவைத்த கதவுக்குள்தான் போயிருக்கிறாள். ஆனால் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? சிவப்பு மையில் மூன்று இடம் சுழித்து அனுப்பினேன். ஒன்று, பாட்டி கஞ்சிக்கு வத்தல் மிளகாய் கடிக்கிறாள். மிளகாய் போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்தது. கோதை காலத்தில் மிளகுதான். இரண்டு, யாரோ பால்கோவா கொடுக்கிறார்கள். ஊர்ப்பாசம் புரிகிறது, எடுத்துவிடு என்றேன். மூன்று, பெரியாழ்வார் நந்தவனத்தில் சம்பங்கி. இன்று கடையில் சம்பங்கி என்று விற்கிற வெள்ளைப் பூ மெக்சிகோவிலிருந்து வந்தது. அவர் தோட்டத்தில் என்ன பூ என்று நீ கற்பனை செய்யவே வேண்டாம், அவரே சொல்லியிருக்கிறார், பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனைப் பூச்சூட அழைக்கிற பதிகத்தைப் படி என்றேன். செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை. இரண்டு நாள் கழித்துப் பேசினாள். "சார், அந்தப் பதிகம் படிச்சதும் சம்பங்கிய மட்டும் இல்ல, அந்தப் பக்கத்தையே மாத்திட்டேன்" என்றாள்.

கதைக்கு மேலே, இது என் கற்பனை, பதினைந்தாம் பாசுரத்தை ஒட்டி எழுதியது என்று ஒரு வரி போடச் சொன்னேன். போட்டிருக்கிறாள். சண்டைக்கு வருகிறவர்கள் எப்படியும் வருவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கணவரிடமும் கேட்டுக்கொள் என்றேன். கேட்டாளாம். அவர் கதையைப் படித்துவிட்டு, தன் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டது யார் என்று கேட்டுச் சிரித்தாராம்.

இப்போது அந்த நாடகம். 1991. பள்ளி ஆண்டு விழா. நாடகம் என் எழுத்து, என் இயக்கம். மாலைக் காட்சியில் பெரியாழ்வார் அதட்டுவார்; கோதை அழுதுகொண்டே கைகூப்பி, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் அப்பா என்று சொல்ல வேண்டும். மேடையில் இந்தப் பிள்ளை அழவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "அவருக்கு நல்லா இருக்குமான்னு பாத்துத்தானேப்பா குடுத்தேன்?" என்று சொல்லிவிட்டது. கூட்டத்தில் கைதட்டல். திரைக்குப் பின்னால் நான் அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் காதைத் திருகி, "எழுதிக் கொடுத்ததை மாத்த நீ யார்?" என்று கேட்டேன். அதன்பிறகு அவளை எந்த நாடகத்திலும் சேர்க்கவில்லை.

இந்த ஒரு மாதத்தில் புரட்டிய எதிலும் அந்த மன்னிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. பெருமாளே விரும்பிக் கேட்ட மாலைக்குக் கோதை எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அது நான் எழுதியது. பிள்ளைகள் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வாத்தியார் நினைப்பில் எழுதியது. மூலத்தை மாற்றியவன் நான். காது திருகப்பட்டது அவளுக்கு.

போன வாரம் போனில் அதைச் சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதம். அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தம் இல்லை. பிறகு, அந்த வசனத்தை உன் கதையில் எங்காவது சேர்த்துவிடேன், கோதையே சொல்வதுபோல என்றேன்.

"அது மூலத்துல இல்லையே சார்" என்றாள்.